எழுத்துப் படிக்குள் அடங்காத நடிப்பு: எம்.ஆர். ராதாவின் மேடையும் திரையும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ் நாடக மேடையிலும் திரைப்படத்திலும் அரை நூற்றாண்டுக்கு மேலாக இயங்கியவர் நடிகவேள் எம்.ஆர். ராதா (1907–1979). அவரைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை அவருடைய கலகக் குணத்தையும் பகுத்தறிவுப் பரப்புரையையும் முதன்மைப்படுத்துகின்றன. அவருடைய நடிப்பு எவ்வாறு இயங்கியது என்னும் வினா பின்தங்கியே நிற்கிறது. எழுதப்பட்ட உரையாடலுக்கும் மேடையில் அந்நேரத்தில் பிறக்கும் பேச்சுக்கும் இடையிலான உறவே அவருடைய கலையை விளக்கும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். 1954ஆம் ஆண்டில் அவருடைய ‘ரத்தக்கண்ணீர்’ நாடகம் திரைப்படமானது. அதே ஆண்டில் சென்னை மாநிலத்தில் நாடகங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. முன்னது அவர் பேச்சை ஒரு வடிவத்தில் நிலைப்படுத்தியது. பின்னது எழுத்துப் படியைக் கொண்டு மேடைப் பேச்சை வரம்புக்குட்படுத்த முயன்றது. இவ்விரண்டையும் இணைத்து நோக்குவதன்வழி ராதாவின் கலைவாழ்வை மதிப்பிடக் கட்டுரை முயல்கிறது.

திறவுச்சொற்கள்: எம்.ஆர். ராதா, ரத்தக்கண்ணீர், பாய்ஸ் கம்பெனி, பபூன், உடனடிப் பேச்சு, நாடகத் தடைச் சட்டம், சுயமரியாதை இயக்கம்.

முன்னுரை

நாடக நடிகரின் கலை அவர் மேடையில் இருக்கும் வரையில்தான் உயிருடன் இருக்கிறது. திரை விழுந்ததும் எஞ்சுபவை விளம்பரத் தாள்கள், ஒளிப்படங்கள், எழுத்துப் படிகள், பார்த்தவர்களின் நினைவுகள் ஆகியவையே. திரைப்படத்திலும் நடித்த நாடகக் கலைஞர்களைப் பொறுத்தவரை இன்னொரு சிக்கலும் எழுகிறது. பிற்காலத்தவர் படங்களை மட்டுமே பார்க்க இயலும் என்பதால், திரையில் காணப்படும் நடிப்பே அவருடைய முழு நடிப்பு எனக் கொள்ளும் போக்கு உருவாகிவிடுகிறது. எம்.ஆர். ராதா இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. இன்றைய தலைமுறை அவரைக் குரலை ஏற்றி இறக்கிப் பேசும் நகைச்சுவை வில்லனாகவே அறிந்திருக்கிறது. பலகுரல் கலைஞர்கள் தவறாமல் கையாளும் குரல்களுள் அவருடையதும் ஒன்று. ஆயினும், வாழ்வின் பெரும்பகுதியைத் தொடர்ந்து மேடையில் செலவிட்ட ஒருவரின் குரல் அது. அக்குரல் ஏன் அவ்வாறு அமைந்தது என்பதற்கான விடையும் மேடையில்தான் இருக்கிறது.

ராதாவைப் பற்றிய முதன்மைச் சான்றுகளுள் விந்தன் தொகுத்த ‘சிறைச்சாலைச் சிந்தனைகள்’ குறிப்பிடத்தக்கது. ராதாவின் வாய்மொழியாக அமைந்த அந்நூல் அவருடைய பேச்சுநடையை ஓரளவு காட்டுகிறது. எனினும் அதுவும் நினைவுகூரலே. நடிப்பின் நேரடிப் பதிவு அன்று. ஆகவே நாடகக் குழுக்களின் பயிற்சி முறை, சட்டங்களின் அமைப்பு, கிடைக்கும் திரைப்படங்கள் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டே அவருடைய மேடை நடிப்பை உய்த்துணர வேண்டியுள்ளது.

பாய்ஸ் கம்பெனியும் மனப்பாடப் பயிற்சியும்

சென்னை ராஜகோபால் ராதாகிருஷ்ணன் என்னும் இயற்பெயருடைய ராதா, சென்னைச் சிந்தாதிரிப்பேட்டையில் 1907ஆம் ஆண்டு பிறந்தார். படைவீரரான தந்தை முதல் உலகப்போரில் உயிரிழந்தார். சிறுவயதிலேயே வீட்டை விட்டு வெளியேறிய ராதா நாடகக் குழுவில் சேர்ந்தார். பின்னர் ஜெகந்நாத ஐயர் நடத்திய புகழ்பெற்ற பாய்ஸ் கம்பெனியில் இடம்பெற்றார். பள்ளிப் படிப்பு வாய்க்காத அவருக்குப் பாடசாலையாக அமைந்தவை இக்குழுக்களே.

பாய்ஸ் கம்பெனி முறையின் தன்மையை இங்கு நினைவிற்கொள்வது தேவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ் மேடையில் உடனடிப் பேச்சும் வாதப் பாட்டும் பெருமளவில் வழங்கின. வெவ்வேறு ஊர்களிலிருந்து ஒப்பந்தத்தின்பேரில் வந்து கூடும் நடிகர்கள், ஒத்திகை இன்றியே ஒரே இரவில் ஒரு கதையை நடத்தி முடிக்கும் ஸ்பெஷல் நாடக முறை இப்போக்கின் தொடர்ச்சியாகும். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) சிறுவர்களைக் கொண்டு அமைத்த குழுக்கள் இதற்கு மாற்றாயின. சிறுவர்கள் பாடலையும் உரையாடலையும் வாத்தியாரிடம் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்தனர். ஒருவர் மற்றவரை மேடையில் மடக்கும் வழக்கம் குறைந்து, நாடகாசிரியரின் பனுவல் முதன்மை பெற்றது. சென்னையில் பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபையும் (1891) வேறொரு சமூகத் தளத்தில் இதே எழுத்து ஒழுங்கை நிலைநிறுத்தியது.

ஆகவே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத் தமிழ் நாடக வரலாற்றை, மேடைப் பேச்சு எழுத்தின் கட்டுக்குள் வந்த வரலாறு எனவும் கூறலாம். டி.கே. சண்முகம், நவாப் ராஜமாணிக்கம் முதலிய பெருங்கலைஞர்கள் இவ்வொழுங்கைச் செம்மைப்படுத்திய வழியில் சென்றனர். அதே பயிற்சியைப் பெற்ற ராதா எதிர்த்திசையில் நடந்தார். அவர் எழுத்தை அறியாமல் மீறியவர் அல்லர். மனப்பாட ஒழுங்கில் நன்கு தேர்ந்த பின்னரே அதனைத் தளர்த்தினார். எவ்விடத்தில் உரையாடலை விட்டு விலகலாம், எவ்விடத்தில் திரும்பவும் வந்து கதையில் சேரலாம் என்னும் கணக்கு அவருக்குக் கைவந்தது இப்பயிற்சியால்தான்.

பபூனின் உரிமை

உடனடிப் பேச்சு எழுத்து ஒழுங்கால் முற்றிலும் மறைந்துவிடவில்லை. அது பபூன் என்னும் பாத்திரத்திடம் ஒதுங்கியது. அரசனும் அரசியும் பாட்டிலும் செந்தமிழ் உரையாடலிலும் பேசும் மேடையில், பபூன் மட்டும் பேச்சுவழக்கில் பேசுவார். உள்ளூர்ச் செய்தியைத் தொடுவார். அவையோரைப் பார்த்து நேரடியாகக் கேலி செய்வார். கதைக்கு வெளியே நிற்பவர் என்பதால் அவருக்கு இவ்வுரிமை வழங்கப்பட்டது. அவர் சொல்வதைப் பொருட்படுத்தவேண்டியதில்லை என்னும் எண்ணமே அவருக்குப் பாதுகாப்பாகவும் இருந்தது.

ராதா செய்த முதன்மையான மாற்றம், பபூனுக்கு மட்டும் உரியதாக இருந்த இவ்வுரிமையைக் கதையின் மையப் பாத்திரத்திற்கு மாற்றியதாகும். என்.எஸ். கிருஷ்ணன் நகைச்சுவைப் பாத்திரத்தின் எல்லைக்குள் நின்று அதனைச் சிந்தனைக்குரியதாக உயர்த்தினார். ராதாவோ கதைத்தலைவனையே, அதிலும் தீய வழியில் செல்லும் தலைவனையே, பபூனைப்போல் பேசவைத்தார். இதனால் கேலி கதையின் இடையீடாக அமையாமல் கதையின் போக்காகவே ஆயிற்று. அவையோர் சிரித்துக்கொண்டே யாருடைய பக்கம் நிற்கிறோம் என்னும் குழப்பத்திற்கும் ஆளாயினர். ராதாவின் நடிப்பில் நகைச்சுவையையும் வில்லத்தனத்தையும் பிரித்தெடுக்க இயலாமைக்கு இதுவே காரணம்.

மேடை மரபுகளை மீறும் துணிவு அவருடைய உடல்மொழியிலும் வெளிப்பட்டது. ‘இழந்த காதல்’ நாடகத்தில் ஜெகதீஷ் என்னும் பாத்திரமேற்று, ஒரு காட்சியில் அவையோருக்கு முதுகைக் காட்டியபடியே நடித்தது நாடக உலகில் நெடுநாள் பேசப்பட்டது. முகமும் கண்ணுமே நடிப்பின் கருவிகள் எனக் கருதப்பட்ட காலத்தில் குரலையும் தோளின் அசைவையும் மட்டும் நம்பி நின்ற செயல் அது. பார்வையாளரை நோக்கியே நிற்கவேண்டும் என்னும் விதி, பார்வையாளரின் கவனத்தைப் பிடித்து நிறுத்தத் தெரிந்த நடிகரைக் கட்டுப்படுத்துவதில்லை என்பதை அது காட்டியது.

இயக்கத் தொடர்பும் சொந்தக் குழுவும்

1937இல் வெளிவந்த ‘ராஜசேகரன்’ ராதாவின் தொடக்கத் திரைப்படங்களுள் ஒன்று. அதனைத் தொடர்ந்து ‘சந்தனத்தேவன்’, ‘பம்பாய் மெயில்’, ‘சத்தியவாணி’ ஆகியவற்றிலும் நடித்தார். 1940களின் தொடக்கத்திலிருந்து 1954 வரை அவர் திரையுலகிற்கு வெளியே நின்று நாடகத்தையே முழுநேரத் தொழிலாகக் கொண்டார். தமிழ்த் திரைப்படம் மேடை நடிகர்களைப் பெருமளவில் ஈர்த்துக்கொண்டிருந்த காலம் அது. பலரும் மேடையைத் திரைக்குச் செல்லும் படியாகக் கருதியபோது, திரையைப் பார்த்துவிட்டு மேடைக்குத் திரும்பியவர் அவர்.

இக்காலத்தில் பெரியாரின் சுயமரியாதைக் கொள்கையும் திராவிடர் கழகத் தொடர்பும் அவருடைய நாடகங்களின் உள்ளடக்கத்தை உருவாக்கின. ‘விமலா’, ‘லட்சுமிகாந்தன்’, ‘போர்வாள்’, ‘தூக்குமேடை’ முதலிய நாடகங்களை அவருடைய குழு நடத்தியது. இவற்றுள் ‘தூக்குமேடை’ மு. கருணாநிதி எழுதியது. விதவையர் நிலை, சாதிப் பெருமை, சடங்கு, செல்வர்களின் போலி ஒழுக்கம் ஆகியவை இந்நாடகங்களில் கேலிக்குள்ளாயின.

இயக்க நாடகங்களின் பொதுப்போக்கிலிருந்து ராதா வேறுபடும் இடம் கருதத்தக்கது. அண்ணாவும் கருணாநிதியும் எழுதிய நாடகங்களின் வலிமை அடுக்குமொழியிலும் எதுகை மோனை செறிந்த நீண்ட உரையாடல்களிலும் இருந்தது. அவ்வுரையாடலை ஒரு சொல்லும் பிசகாமல் பேசுவதே நடிகரின் திறமையாகக் கருதப்பட்டது. ‘பராசக்தி’யில் (1952) சிவாஜி கணேசன் பெற்ற வெற்றி இவ்வழியின் உச்சம். ராதாவின் வலிமை துண்டு துண்டான பேச்சில் இருந்தது. எதிரிலிருப்பவர் கூறும் தொடரை இடைமறித்தல், சொன்னதையே மீண்டும் கேள்வியாக்கித் திருப்புதல், முடிவுறாத தொடரை அவையோரின் சிரிப்பிற்கு விட்டுவிடுதல் ஆகியவை அதன் உத்திகள். முன்னது சொற்பொழிவு மேடையின் நீட்சி எனில், பின்னது தெருமுனை உரையாடலின் நீட்சி எனலாம். ஒரே இயக்கத்தின் கருத்துகள் இருவேறு பேச்சுக்கலைகளின் வழியாக மக்களை அடைந்தன என்பது தமிழ் நாடக ஆய்வில் மேலும் விரித்துரைக்க வேண்டிய செய்தி.

ரத்தக்கண்ணீர்: மேடைப் பனுவலின் நெகிழ்ச்சி

ராதாவின் பெயரோடு பிரிக்கவியலாதபடி இணைந்துவிட்ட நாடகம் திருவாரூர் கே. தங்கராசு எழுதிய ‘ரத்தக்கண்ணீர்’. அயல்நாட்டில் வாழ்ந்து திரும்பும் செல்வனான மோகனசுந்தரம், மனைவி சந்திராவைப் புறக்கணித்துக் காந்தா என்னும் நடனப்பெண்ணிடம் செல்வத்தை இழக்கிறான். தொழுநோய்க்கு ஆளானதும் காந்தாவால் விரட்டப்படுகிறான். பார்வையும் இழந்து பிச்சையெடுத்துத் திரிந்து, இறுதியில் தன் மனைவியை நண்பன் பாலுவுக்கு மறுமணம் செய்துவைக்கிறான்.

ஆயிரக்கணக்கான முறை மேடையேறிய இந்நாடகம் ஒவ்வொரு முறையும் ஒரே நாடகமாக இருக்கவில்லை. செய்தித்தாளில் வந்த அன்றைய செய்தி, நாடகம் நடக்கும் ஊரின் நிலை, அவையில் எழும் குரல் ஆகியவற்றுக்கேற்ப மோகனசுந்தரத்தின் பேச்சு மாறியது. கதைக்கட்டு உறுதியாக இருந்ததால் அதன் இடைவெளிகளில் ராதா விரும்பியதைப் பேச முடிந்தது. தங்கராசுவின் பனுவலைச் சிதைத்தது எனக் கொள்வதைவிட, அப்பனுவல் இடந்தந்த நெகிழ்ச்சியைப் பயன்படுத்தியது எனக் கொள்வதே பொருந்தும்.

மோகனசுந்தரம் இரு நிலைகளில் தடையின்றிப் பேசும் உரிமையைப் பெறுகிறான். முற்பகுதியில் செல்வமும் மேனாட்டு உடையும் அவ்வுரிமையைத் தருகின்றன. எவரையும் மதிக்கத் தேவையில்லாத நிலை அது. பிற்பகுதியில் நோயும் வறுமையும் அவ்வுரிமையைத் தருகின்றன. இழப்பதற்கு ஏதும் இல்லாத நிலை அது. இடையில் நிற்கும் பொதுமக்கள் பேசத் தயங்குவதை இவ்விரு எல்லைகளிலும் நிற்கும் ஒருவன் பேசுகிறான். செல்வனாக இருந்து அவன் செய்யும் கேலி ஆணவமாகவும், பிச்சைக்காரனாக இருந்து செய்யும் அதே கேலி உண்மையாகவும் ஒலிக்கிறது. பேச்சின் பொருள் மாறவில்லை. பேசுபவனின் இடம் மாறியிருக்கிறது. இம்மாற்றத்தைக் குரலிலும் உடலிலும் காட்டியதே ராதாவின் சாதனை.

1954: ஒரே ஆண்டில் இரு நிகழ்வுகள்

1954ஆம் ஆண்டு ராதாவின் கலைவாழ்வில் திருப்புமுனையாகும். அவ்வாண்டில் இராமாயணக் கதையைப் பெரியாரின் விமர்சன நோக்கில் அணுகிய நாடகத்தை அவர் நடத்தினார். இறைநம்பிக்கையாளரிடையே அது கடும் எதிர்ப்பை எழுப்பியது. மனம் புண்படக்கூடியவர்கள் வரவேண்டாம் என்னும் பொருளில் அவர் விளம்பரம் செய்ததை அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகின்றனர். தடையும் கைதும் தொடர்ந்தன. அவ்வாண்டின் இறுதியில் சென்னை மாநில அரசு நாடக நிகழ்ச்சிகளைக் கட்டுப்படுத்தும் புதிய சட்டத்தை இயற்றியது. ராதாவின் நாடகமே அதற்கு உடனடிக் காரணம் என்பது நாடக வரலாற்றாசிரியர்களிடையே பரவலாக வழங்கும் கருத்து.

ஆங்கிலேய ஆட்சியின் 1876ஆம் ஆண்டு நாடகச் சட்டம் ஏற்கெனவே இருந்தது. விடுதலைப் போராட்டக் காலத்தில் தேசிய நாடகங்களை ஒடுக்கப் பயன்பட்ட கருவி அது. விடுதலைக்குப் பின் வந்த மாநிலச் சட்டமும், ஆட்சேபத்திற்குரிய நிகழ்ச்சி இன்னது என வரையறுத்து, அதனைத் தடைசெய்யும் அதிகாரத்தை அரசுக்கும் மாவட்ட அதிகாரிகளுக்கும் அளித்தது. நாடகத்தின் எழுத்துப் படியை முன்கூட்டியே காவல்துறையிடம் கொடுத்து அனுமதி பெறும் நடைமுறை இதன்வழி வேரூன்றியது.

இந்நடைமுறை ஒரு கலைக்கோட்பாட்டையும் உள்ளடக்கியிருந்தது. நாடகம் என்பது அதன் எழுத்துப் படியே. படியைப் படித்தால் நாடகத்தை அறிந்துவிடலாம் என்னும் எண்ணமே அக்கோட்பாடு. சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்து நடிக்கும் குழுவுக்கு இது பெருமளவு பொருந்தும். ராதாவுக்குப் பொருந்தாது. படியில் இல்லாத இடைச்சொல், படியில் உள்ள தொடரைத் தலைகீழாக்கும் தொனி, அவையோரைப் பார்க்கும் ஓரப்பார்வை ஆகியவற்றில்தான் அவருடைய நாடகம் நிகழ்ந்தது. அனுமதி பெற்ற படியை ஒரு சொல்லும் மாற்றாமல் பேசினாலும் ராதாவின் வாயில் அது வேறு பொருள் தரும். மாற்றிப் பேசினால் அது சட்டச் சிக்கலாகும். ஆக, இச்சட்டம் ஒரு குறிப்பிட்ட கருத்தை மட்டும் எதிர்கொள்ளவில்லை. உடனடிப் பேச்சு என்னும் கலைமுறையையே ஐயத்திற்குரியதாக்கியது. சிறு குழுக்களுக்கு இதனால் ஏற்பட்ட தயக்கம் நெடுங்காலம் நீடித்தது. ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் இச்சட்டத்தின் முதன்மைப் பிரிவுகளைச் செல்லாதவை என 2013ஆம் ஆண்டில் அறிவித்தது. ராதாவின் காலத்திலிருந்து அதற்குள் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கடந்திருந்தன.

அதே 1954ஆம் ஆண்டுத் தீபாவளியின்போது, சட்டம் வருவதற்குச் சற்று முன்னர், ‘ரத்தக்கண்ணீர்’ திரைப்படமாக வெளிவந்தது. நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ. பெருமாள் முதலியாரின் தயாரிப்பில் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கிய இப்படத்தில் ஸ்ரீரஞ்சனி சந்திராவாகவும், எம்.என். ராஜம் காந்தாவாகவும், எஸ்.எஸ். ராஜேந்திரன் பாலுவாகவும் நடித்தனர். ‘பராசக்தி’யை உருவாக்கிய அதே தயாரிப்பாளரும் இயக்குநர்களும் இதில் இணைந்தனர் என்பது கருதத்தக்கது. அடுக்குமொழி நடிப்பையும் துண்டுப்பேச்சு நடிப்பையும் ஒரே குழு ஈராண்டு இடைவெளியில் திரைக்குக் கொண்டுவந்தது.

திரைப்படம் நாடகத்திற்கு நிலைபேற்றை அளித்தது. அதற்கு ஈடாக நெகிழ்ச்சியை எடுத்துக்கொண்டது. 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின்கீழ் ஒருமுறை தணிக்கைச் சான்று பெற்ற படம் எல்லா ஊர்களிலும் ஒரே வடிவில் ஓடும். அன்றைய செய்தி அதில் நுழைய வழியில்லை. ஆனாலும் படத்தில் ராதாவின் பேச்சு அந்நேரத்தில் தோன்றியதுபோலவே ஒலிக்கிறது. சி.எஸ். ஜெயராமன் குரலில் ஒலிக்கும் சோகப்பாடலின் இடையிடையே ராதா உரைநடையில் குறுக்கிடும் பகுதி இதற்குச் சிறந்த சான்று. பாடல் மரபான இரக்கத்தை வேண்டுகிறது. குறுக்கீடு அவ்விரக்கத்தை நிறைவடைய விடாமல் தடுக்கிறது. மேடையில் பபூன் செய்த வேலை, பின்னணிப் பாடலுக்குள்ளேயே புகுந்துவிட்டது எனலாம். படத்தின் உரையாடல் ஒலிப்பதிவு தமிழகச் சிற்றூர்களின் ஒலிபெருக்கிகளில் நெடுங்காலம் ஒலித்ததற்கும் காரணம் இப்பேச்சுத்தன்மையே.

குரலும் ஓரப்பேச்சும்: துணைப் பாத்திரங்கள்

1950களின் இறுதியிலிருந்து 1967 வரை ராதா தமிழ்த் திரையின் இன்றியமையாத குணச்சித்திர நடிகரானார். ‘பாகப்பிரிவினை’யில் (1959) சிங்கப்பூரிலிருந்து வந்து கூட்டுக்குடும்பத்தைப் பிரிக்கும் உறவினராகவும், ‘பாவமன்னிப்பு’ (1961) படத்தில் வைர வணிகர் ஆளவந்தாராகவும், ‘புதிய பறவை’யில் (1964) ரங்கனாகவும் அவர் நடித்தார். ‘பலே பாண்டியா’வில் (1962) சிவாஜி கணேசன் மூன்று வேடங்களில் தோன்ற, ராதா இரு வேடங்களில் தோன்றினார்.

இப்படங்களில் அவர் கையாண்ட முறைகளை மூன்றாக வகைப்படுத்தலாம். முதலாவது, இரட்டைக் குரல். ஒரே தொடரின் முற்பகுதியை மெல்லிய, ஏறத்தாழக் கீச்சுக் குரலிலும் பிற்பகுதியைக் கரகரத்த தடித்த குரலிலும் பேசுதல். முற்பகுதி பிறருக்குக் காட்டும் பணிவு. பிற்பகுதி உள்ளத்தின் உண்மை. போலித்தனத்தைச் சொல்லால் விளக்காமல் ஒலியாலேயே காட்டும் உத்தி இது. இரண்டாவது, ஓரப்பேச்சு. எதிரிலிருக்கும் பாத்திரத்துக்குக் கேளாதது போலவும் பார்வையாளருக்கு மட்டும் கேட்பது போலவும் முணுமுணுத்தல். மேடையில் அவையோரை நோக்கிப் பேசிய பழக்கம் ஒளிப்படக்கருவியின் முன் சுருங்கிப் பெற்ற வடிவம் இது. மூன்றாவது, எதிர்வினை. பிறர் பேசும்போது வாயசைவாலும் கண்ணசைவாலும் தொடர்ந்து விமர்சித்துக்கொண்டே இருத்தல். ‘பலே பாண்டியா’வின் இசைப்போட்டிக் காட்சியில் முகமும் கையும் செய்யும் வேலையில் இதனைத் தெளிவாகக் காணலாம்.

‘புதிய பறவை’ இவ்வகையில் தனியாக நோக்கத்தக்கது. கதைத்தலைவனை அச்சுறுத்துபவராகத் தோன்றும் ரங்கன், உண்மையை வெளிக்கொணரக் காவல்துறை நடத்தும் நாடகத்தில் ஒரு நடிகர் என்பது இறுதியில் தெரியவருகிறது. ராதாவின் போலிப் பணிவும் மிகைக் கேலியும் பாத்திரத்தின் குணமா, பாத்திரம் ஏற்ற வேடமா என்னும் வினாவைப் படம் முழுவதும் நிலைநிறுத்த அவருடைய நடிப்புமுறை உதவியது. துணைப் பாத்திரங்களில் அவர் தம் மேடைக்கலையை வீணடித்தார் என்னும் கருத்தை இத்தகைய படங்கள் மறுக்கின்றன. எனினும் இழப்பும் உண்மையே. மேடையில் கதையின் மையத்தில் இருந்த கேலிக்குரல், திரையில் மீண்டும் கதையின் ஓரத்திற்குத் தள்ளப்பட்டது. பபூனிடமிருந்து தலைவனுக்கு அவர் மாற்றித்தந்த உரிமையைத் திரைப்படம் வில்லனிடம் திருப்பிக் கொடுத்தது.

கலையின் வரம்புகள்

‘ரத்தக்கண்ணீ’ரைப் பாராட்டும்போது அதன் முரண்களையும் கருதவேண்டும். தொழுநோயை ஒழுக்கக்கேட்டின் தண்டனையாகக் காட்டும் கதை, நோயைப் பாவத்தின் விளைவாகக் கருதும் பழைய நம்பிக்கையையே உறுதிப்படுத்துகிறது. தொழுநோய் நுண்ணுயிரியால் ஏற்படுவது என்பது 1873ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டது. டாப்சோன் போன்ற மருந்துகளும் 1940களில் பயன்பாட்டுக்கு வந்துவிட்டன. மூடநம்பிக்கையை எதிர்த்த மேடை இந்நோயைக் குறித்த மூடநம்பிக்கையைக் கதைக்கருவாகக் கொண்டது வியப்புக்குரியது. அவ்வாறே, மனைவியின் மறுமணத்தை ஆதரிக்கும் முற்போக்கும், காந்தாவை அழிவின் உருவாகச் சித்திரிக்கும் பழமையும் ஒரே கதையில் அருகருகே நிற்கின்றன. மறுமணமும் சந்திராவின் விருப்பத்தைக் காட்டிலும் கணவனின் முடிவாகவே அமைகிறது. இவ்வரம்புகள் ராதாவுக்கு மட்டும் உரியவை அல்ல. அக்காலச் சீர்திருத்த நாடகங்கள் பலவற்றுக்கும் பொதுவானவை.

இறுதிக் காலம்

1967ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் எம்.ஜி.ஆரின் இராமாபுரம் இல்லத்தில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் எம்.ஜி.ஆரும் ராதாவும் காயமுற்றனர். வழக்கில் ராதா தண்டனை பெற்றார். வெகுமக்கள் நினைவில் இந்நிகழ்வு அவருடைய கலைவாழ்வு முழுவதையும் மறைத்துவிட்டது. 1970களின் தொடக்கத்தில் விடுதலையாகி ‘சமையல்காரன்’ (1974) போன்ற சில படங்களில் நடித்தார்; நாடகத்தையும் கைவிடவில்லை. நெருக்கடிநிலைக் காலத்தில் மிசா சட்டத்தின்கீழ் மீண்டும் சிறை சென்றார். 1979ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் திருச்சியில் காலமானார். அந்நாள் பெரியாரின் நூறாவது பிறந்தநாள் நிறைவாகவும் அமைந்தது.

‘ரத்தக்கண்ணீர்’ அவருக்கு வெளியேயும் வாழ்ந்தது. தெலுங்கில் நாகபூஷணம் இந்நாடகத்தை நெடுங்காலம் நடத்தி, நாடகப் பெயரையே தம் அடைமொழியாகப் பெற்றார். கன்னடத்தில் 2003ஆம் ஆண்டு உபேந்திரா நடிப்பில் ‘ரக்த கண்ணீரு’ வெளிவந்தது. நடிகரின் பேச்சுக்கு இடம்விடும் பனுவலாக அது அமைந்திருந்ததே, மொழியும் காலமும் கடந்து அதனை மீண்டும் மீண்டும் நடிக்கத் தூண்டியது எனலாம்.

முடிவுரை

இதுவரை கூறியவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. பாய்ஸ் கம்பெனியின் மனப்பாடப் பயிற்சியைப் பெற்ற ராதா, அவ்வொழுங்கை அடித்தளமாகக் கொண்டே உடனடிப் பேச்சை வளர்த்தார். அவருடைய கலை பயிற்சியின் விளைவே. வெறும் துணிவின் விளைவன்று.

2. பபூனுக்கு உரியதாக இருந்த கேலி உரிமையைக் கதைத்தலைவனுக்கு மாற்றியது தமிழ் நாடகத்திற்கு அவர் அளித்த தனிக்கொடை.

3. 1954ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டி வேரூன்றிய முன்னனுமதி நடைமுறை, நாடகத்தை எழுத்துப் படியோடு ஒன்றாகக் கருதியது. ராதாவின் மேடை அக்கருத்தின் போதாமையைக் காட்டியது.

4. திரைப்படம் அவருடைய குரலையும் உத்திகளையும் காத்துத் தந்தது. நாளுக்கு நாள் மாறும் அவருடைய பேச்சையும், கதையின் மையத்தில் அவர் வகித்த இடத்தையும் காத்துத்தர அதனால் இயலவில்லை.

ராதாவை ஆராய்பவர் அச்சான நாடகப் பனுவல்களையோ கிடைக்கும் திரைப்படங்களையோ மட்டும் சான்றாகக் கொண்டால், அன்றைய அனுமதி அதிகாரி செய்த பிழையையே தாமும் செய்தவராவர். அவருடன் நடித்தவர்கள், நாடகக் கொட்டகைகளில் பணியாற்றியவர்கள், நாடகங்களை நேரில் பார்த்த முதியவர்கள் ஆகியோரின் வாய்மொழிச் சான்றுகளைத் தொகுப்பது இவ்வாய்வின் அடுத்தகட்டத் தேவை. அச்சான்றுகளை வழங்கக்கூடிய தலைமுறை விரைந்து குறைந்துவருவதால், அப்பணியைக் காலந்தாழ்த்தாமல் மேற்கொள்ளவேண்டும்.